மனநல எம்.சி. (மருத்துவச் சான்று விடுப்பு) முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்: முதல் நான்கு வாரம்

லைன் லீடர், பாயான் லெப்பாஸ், பினாங்குத் தீவு, மலேசியா

மனச்சோர்வுக்காக மூன்று வாரம் எம்.சி.யில் இருந்த ஆப்பரேட்டர் ஒருவர் வரும் திங்கட்கிழமை தொழிற்சாலை லைனுக்குத் திரும்புகிறார். 12 மணி நேர ஷிப்ட், நாலு நாள் வேலை, ரெண்டு நாள் ஓய்வு. இப்படித் திரும்பியவர்களைக் கவனித்தவர்கள், எது கைகொடுத்தது, எது கெடுத்தது என்று பகிருங்கள்.

ஹெச்.ஆர்., கோலாலம்பூர்

பெரும்பாலான கேஸ் கெடுவது எம்.சி. காகிதத்தில்தான். நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால், அனுமதியில்லாமல் வராதவர் என்று வேலைச் சட்டம் கணக்கு வைக்கும். கடும் மனச்சோர்வில் படுத்திருப்பவருக்குப் போனை எடுப்பதே மலையைப் புரட்டுகிற வேலை. அவர் சோம்பேறி இல்லை, நோய் அப்படி. இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து சேதி இல்லை என்றால் ஒப்பந்தத்தை முறித்தவர் ஆகிவிடுவார். நியாயமான காரணம் இருந்து, அதைத் தெரிவிக்கவும் முயன்றிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அதனால் முதல் நாளே நாம்தான் அனுப்ப வேண்டும்: "தம்பி, வரலேன்னா பரவால்லே. எம்.சி. போட்டோவ எனக்கு மட்டும் அனுப்பு. மத்தத நான் பாத்துக்கறேன்."

'எனக்கு மட்டும்' என்பது முக்கியம். மனநலப் பிரிவின் சாப்பு (முத்திரை) குத்திய எம்.சி. லைன் வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்தால், சாயங்காலத்துக்குள் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிடும். அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, வேலை பார்த்த காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள். மருத்துவமனை விடுப்பு 60 நாள், 2023 முதல் அது தனிக் கணக்கு. வார்டில் சேர்க்க வேண்டிய அளவு நோய் இருக்கிறது என்று டாக்டர் சான்று கொடுத்தால், வீட்டிலேயே இருந்தாலும் அது மருத்துவமனை விடுப்பாகத்தான் கணக்காகும். பல ஹெச்.ஆர். ஆட்களுக்கே இது தெரிவதில்லை. தெரியாமல் 14 நாளைத் தாண்டியதும் சம்பளத்தை வெட்டுகிறார்கள்.

பாதுகாப்பு அதிகாரி, பினாங்கு

லைன் லீடர் தம்பி, முதலில் பஸ்ஸைப் பாருங்கள்.

முதல் வாரம் காலை ஷிப்ட், 8 மணி நேரம், ஓ.டி. இல்லை என்று எல்லாரும் அழகாக எழுதுவார்கள். காலை 7 மணிக்கு வந்தவர் 3 மணிக்கு விடுபடுவார், ஆனால் கம்பெனி பஸ் இரவு 7 மணிக்குத்தான் கிளம்பும். தீவுக்கு அக்கரையில், கூலிம், பட்டர்வொர்த் பக்கத்து ஆள் நாலு மணி நேரம் கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருப்பார், இல்லாவிட்டால் கைக்காசு போட்டுக் கிராப் வாடகைக் கார் எடுத்துப் பாலத்தைத் தாண்டுவார். மூன்றாம் நாளே, "பரவால்லணே, நான் 12 மணி நேரமே செய்றேன்" என்பார். குணமாகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டிச் செலவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள், அல்லது ஆபீஸ் நேர வேனில் ஓர் இடம் பிடியுங்கள். ஓ.டி. பணம் குறைவதும் அவரை அவசரப்படுத்தும், அதனால் நாலு வாரத்தில் எவ்வளவு குறையும் என்று முதலிலேயே எழுதிக் காட்டிவிடுங்கள்.

அடுத்தது மாத்திரை. மிர்டாசபின், குவெட்டியாபின் போன்றவை தூக்கம் தரும், சிலருக்கு மறுநாள் காலை வரை மந்தம் இருக்கும். விடியற்காலை ஐந்தே காலுக்குப் பஸ் பிடிப்பவர் இரவு 11 மணிக்கு மாத்திரை போட்டால் கை தடுமாறும். நேரத்தை மாற்றலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். செர்ட்ராலின் போன்றவற்றுக்கு முதல் ஓரிரு வாரம் குமட்டல் வரலாம், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 'வேலை செய்யலே' என்று திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். மந்தம் தெளியும்வரை ஃபோர்க்லிஃப்ட், பிரஸ் மெஷின் வேண்டாம். இருமுனை மனநோய் உள்ளவருக்கு, டாக்டர் கடிதம் இல்லாமல் இரவு ஷிப்ட் கொடுக்கவே கூடாது, தூக்கம் குலைந்தாலே நோய் திரும்பக்கூடும்.

பதிவுபெற்ற கவுன்சிலர், பிரிக்ஃபீல்ட்ஸ்

தயவுசெய்து டாஸ்-21 என்ற மனநலக் கேள்வித் தாளைக் கொடுத்து லைனில் வைத்து நிரப்பச் சொல்லாதீர்கள். 21 கேள்வி: மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் என்று ஏழேழு, கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். அது சலிக்கும் சல்லடை, நோயைத் தீர்மானிக்காது. பேர் எழுதிய தாள் சூப்பர்வைசர் டிராயரில் கிடந்தால், அடுத்த முறை எல்லாரும் பூஜ்யம்தான் போடுவார்கள்.

கம்பெனிக்கு ஆள் தேடும்போது பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. இருக்கிறதா பாருங்கள். 1998ஆம் ஆண்டு கவுன்சிலர் சட்டப்படி பதிவும் தொழில் அனுமதியும் இருக்கிறது என்று பொருள்.

ஆள் 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது' என்ற மாதிரி பேசினால் சுற்றி வளைக்காதீர்கள். "உயிர விட்டுடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று இன்னும் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. பேச ஆள் வேண்டுமென்றால் பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555.

தொழிற்சங்கப் பொறுப்பாளர், பிறை

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். திரும்பிய முதல் மாதத்தில் மோசமான ஒரு நாளில் ராஜினாமாக் கடிதம் நீட்டுவார்கள். அன்றே சாப்பு போடாதீர்கள். இரண்டு நாள் வைத்திருந்து, வீட்டார் ஒருவரோடு பேசச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். வேலை நேரத்தை மாற்ற எழுத்தில் விண்ணப்பிக்க 2023 முதல் உரிமை உண்டு, முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்த வழியை முதலில் காட்டுங்கள். வேலை நீக்கமே செய்துவிட்டால், தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்கவும் 60 நாள்தான். உடம்பு தேறட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம்.

பாதுகாப்பு அதிகாரி, பினாங்கு

மறந்துவிட்டேன். நீண்ட விடுப்பில் போனவரின் பாஸ் கார்டைச் சில கம்பெனிகளில் சிஸ்டம் தானாக முடக்கிவிடும். திங்கள் காலை கேட்டில் சிவப்பு விளக்கு எரியும், பின்னால் ஒரு பஸ் ஆள் வரிசையில் நிற்பார்கள், 'வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?' என்று ஒருவர் கேட்பார். வெள்ளிக்கிழமையே கார்டையும் லாக்கர் சாவியையும் சரிபாருங்கள். திங்கட்கிழமை நீங்களே கேட்டில் போய் நில்லுங்கள்.