சாட்ஸ்வொர்த் வீடு, டர்பன், தென்னாப்பிரிக்கா (குடும்பக் குழு)
செவ்வாய், 10 செப்டம்பர் 2024

6:12 அண்ணன்: செய்தி பார்த்தீர்களா மாமா? ஏட்ரியன் நியூவி ரெட்புல்லை விட்டு ஆஸ்டன் மார்ட்டின் அணிக்குப் போகிறார். 2025 மார்ச்சில் சேர்கிறார்.

6:14 சின்ன மாமா: காலையிலேயே பார்த்துவிட்டேன். வண்டிக்கு அடியில் நின்று கைப்பேசியைப் பார்த்ததில் நெற்றியில் எண்ணெய் சொட்டியதுதான் மிச்சம்.

6:15 அம்மா: யார் அவர்? கார் ஓட்டுகிறவரா?

6:17 அண்ணன்: இல்லை அம்மா, பார்முலா 1 பந்தயக் காரை வடிவமைக்கிறவர். வில்லியம்ஸ், மெக்லாரன், ரெட்புல் மூன்று அணிகளுக்கும் உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்த கை. போன வருடம் ரெட்புல் 22 பந்தயங்களில் 21 வென்றது.

6:18 அம்மா: வயது?

6:18 அண்ணன்: 65.

6:20 அம்மா: சோறு போட்ட வீட்டை விட்டு, பேரன் எடுக்கிற வயதில் எதிராளி வாசலில் போய் நிற்பானேன்? பணமாகத்தான் இருக்கும்.

6:25 சின்ன மாமா: பணம் ரெட்புல்லிலும் கொட்டிக் கிடந்தது அக்கா. இங்கே பங்கு தருகிறார்கள். சம்பளக்காரர் பங்குதாரர் ஆகிறார், அது வேறு. முன்பு வில்லியம்ஸை விட்டதும் இப்படித்தான். அங்கே மேலே பாட்ரிக் ஹெட் இருந்தார், நிறுவனத்தில் பங்குள்ளவர். அவரைத் தாண்டி நியூவி ஏறுவதற்குப் படியே இல்லை. ஓட்டுநர் டேமன் ஹில்லை அணியிலிருந்து எடுத்தபோதும் இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரை வரைந்தவனைக் கேட்காமல்!

6:26 மாமி: அந்த ஆச்சரியக்குறி யாருக்கு?

6:29 அண்ணன்: 2026-இல் விதிகள் மாறுகின்றன, எஞ்சினும் உடலும் ஒரே நேரத்தில். எல்லா அணிக்கும் வெற்றுத்தாள். இந்த மனிதர் இன்னும் பென்சிலும் வரைபலகையுமாக வேலை செய்கிறவர், வெற்றுத்தாளைக் கண்டால் விடுவாரா? ரெட்புல் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனுக்குப் பட்டம் வாங்கித் தந்த ஹோண்டா எஞ்சினும் 2026 முதல் ஆஸ்டன் மார்ட்டினுக்குத்தான்.

6:34 தாத்தா: நம் டர்பன் பையனை மறந்துவிட்டீர்களே. கோர்டன் மர்ரி, அவரும் பந்தயக் கார் வடிவமைத்தவர்தான். 1946-இல் இங்கே பிறந்தவர், 1969-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர். பிராபம் அணியில் இருந்தபோது காரின் பின்னால் பெரிய விசிறியை வைத்தார். 1978-இல் ஸ்வீடனில் ஒரே பந்தயம் ஓடியது, ஓட்டுநர் லவுடா வென்றார், அதோடு மூட்டை கட்டிவிட்டார்கள். 1986-இல் தரையோடு தரையாக ஒரு கார் செய்தார், அது படுத்துவிட்டது. பிறகு மெக்லாரன். 1988-இல் 16 பந்தயங்களுக்கு 15 வெற்றி!

6:36 அண்ணன்: அந்தக் காரை வரைந்தது ஸ்டீவ் நிக்கல்ஸ் என்கிறார்களே தாத்தா.

6:37 தாத்தா: என்னிடம் அந்தப் பேச்சே வேண்டாம்.

6:39 சின்ன மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

6:40 அம்மா: என்ன எழுதி அழித்தாய்?

6:41 மாமி: நான் சொல்கிறேன் அண்ணி. எதிர்ப்புறப் பட்டறைக்காரர் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

6:42 அம்மா: 22 வருடம் ஒரே பட்டறையில் இருந்துவிட்டு?

6:47 சின்ன மாமா: போன மாதம் வண்டி தூக்கும் புது லிப்ட் வாங்கினார்கள். தினமும் அதன் கீழே நிற்கிறவன் நான், என்னைக் கேட்கவில்லை. அதன் கை டாக்சி வேனின் அடிச்சட்டம் வரை நீளாது. இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்துத் தூக்குகிறேன். நேற்று ஒரு கட்டை நழுவியது. யாருக்கும் அடியில்லை.

6:48 மாமி: இதை என்னிடம் சொல்லவே இல்லையே.

6:51 அம்மா: அவர் பங்கு தருகிறாரா?

6:52 சின்ன மாமா: பத்தில் ஒன்று. வேலைக்கு என்ன வாங்கினாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்குவாராம்.

6:53 தாத்தா: வாயால் சொன்னாரா, எழுத்தில் தந்தாரா?

6:54 சின்ன மாமா: வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார் அப்பா.

6:55 தாத்தா: கையெழுத்துப் போடாமல் என்னிடம் கொண்டு வா. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைக்கிறேன்.

6:57 அம்மா: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இங்கே வாருங்கள். புரட்டாசி பிறப்பதற்குள் குளிர்பெட்டியில் இருக்கிற ஆட்டுக்கறியை முடித்தாக வேண்டும்.

6:58 அண்ணன்: மாமா, டூல் பெட்டியை ஏற்ற என் பக்கியை (சின்ன சரக்கு வண்டியை) எந்தக் கிழமை கொண்டுவர?

7:03 சின்ன மாமா: ஒரு மாத நோட்டீஸ் இருக்கிறது. நியூவியே மார்ச் வரை காத்திருக்கிறார். டயரில் காற்று அடித்து வை.