ரெட் வெடிங் எபிசோட் பார்த்த பிறகு எப்படித் தொடர்ந்தீர்கள்?

ஹட்டன் தங்கச்சி:
கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் மூன்றாவது சீசன், ஒன்பதாவது எபிசோட். கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டு வைத்துக் கொல்கிறார்களே, அதுதான். நேற்று ராத்திரி தோட்டத்து லய வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு, கம்பளிக்குள் போனை வைத்துப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ராப் செத்ததைவிட, அவனுடைய அம்மா கேட்லினைத்தான் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்துகிறார்கள், பாட்டு மாறுகிறது, பக்கத்தில் இருக்கிற, அவர்கள் பக்கத்து ஆளான போல்டனின் சட்டைக் கையை விலக்குகிறாள். உள்ளே இரும்பு வளையச் சட்டை! அந்த நொடியில் இது சதி என்று அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது இசைகூட இல்லை. காலையில் மலைக்குக் கிளம்பின அம்மா, "ஏன் கண்ணு வீங்கியிருக்கு?" என்று கேட்டார். என்ன சொல்ல? அடுத்ததைப் போட மனசே வரவில்லை.

பண்டாரவளை அண்ணன்:
தங்கச்சி, 2013இல் வந்தபோதே பார்த்தேன். இன்னும் ஆறவில்லை. மூலக் கதைப் புத்தகத்தை எழுதிய மார்ட்டினுக்கே அந்த அத்தியாயம் பெரிய கஷ்டமாம். புத்தகத்தில் மற்றதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அதை எழுதினாராம். கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள். ஆனால் கட்டாயம் பாருங்கள்.

தலவாக்கலை அக்கா:
எனக்குக் கேட்லினின் மகள் ஆர்யாதான் வலித்தது. எவ்வளவு அலைந்து அம்மா இருக்கிற கோட்டை வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்! கூண்டில் அடைத்த அண்ணன் ராப்பின் ஓநாயை அவள் கண்முன்னாலேயே அம்பெய்து கொல்கிறார்கள். எல்லாரும் கல்யாண மண்டபத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஹட்டன் தங்கச்சி:
சரி அக்கா, அவளுக்காகப் பார்க்கிறேன். அவள் பிழைப்பாளா என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.