மறுமொழி: கிரேடிங் – ‘தரப்படுத்தல்’ வேண்டாம், ‘அளவடுக்கல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஆடைத்தொழிலில் ஒரு அளவுக்குச் செய்த சட்டை வடிவத்திலிருந்து மற்ற அளவுகளையும் எடுக்கும் வேலைதான் கிரேடிங், அதற்கான தமிழ்ச்சொல்லைப் பற்றித்தான் பேசுகிறோம்.

> கிரேடிங் என்றால் தரப்படுத்தல், கிரேடர் என்றால் தரப்படுத்துநர். அகராதியிலேயே இருக்கிறது, பிறகேன் புதுச்சொல்?

அண்ணா, உங்கள் கேள்விக்குத்தான் இந்த மடல், கொஞ்சம் நீளமாக வரும். கிளிநொச்சியில் நான் தையல் பழக்கும் வகுப்புக்கு வந்த மொழிபெயர்ப்புக் கையேட்டிலும் நீங்கள் சொன்ன சொல்தான் இருந்தது. பரீட்சையில் ‘ஆடை உற்பத்தியில் தரப்படுத்தல் என்றால் என்ன’ என்று கேட்டதற்கு பாதிப் பிள்ளைகள், பழுதில்லாத உடுப்பை முதலாம் தரம் என்றும் தையல் கழன்றதை இரண்டாம் தரம் என்றும் பிரித்து வைப்பது என்று எழுதினார்கள். பிள்ளைகளில் பிழையில்லை, தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் விளங்கிக்கொள்வார். அதைவிட, எங்கள் பக்கம் தரப்படுத்தல் என்று காதில் விழுந்தால் 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த, தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட முறைதான் முதலில் ஞாபகம் வரும், இன்றைக்கும் வீடுகளில் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். அந்தச் சொல்லையே ஒரு தொழிலின் பெயராகப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, கிரேடர் என்ன செய்கிறார்? மாதிரி தைக்கும் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சட்டைக்கு முதலில் ஒரே ஒரு அளவில், பெரும்பாலும் எம் (M) அளவில், வெட்டுரு செய்வார்கள் (பற்றர்னுக்கு, அதாவது துணியை வெட்ட வைக்கும் கடதாசி வடிவத்துக்கு, வெட்டுரு என்று போன மாதமே ஒத்துக்கொண்டோம்). அதைத் தைத்து, ஆளுக்குப் போட்டுப் பார்த்து, திருத்தி முடித்த பிறகுதான் அது கிரேடரிடம் போகும். அந்த ஒன்றிலிருந்து எக்ஸ்எஸ் தொடக்கம் எக்ஸ்எக்ஸ்எல் வரை எல்லா அளவையும் எடுப்பவர் அவர்தான்.

> ‘பெரிதாக்கல்’ போதுமே, எளிமையாகவும் இருக்கிறதே.

போதாது தங்கச்சி, இதுதான் முக்கியமான இடம். போட்டோக்கொப்பிக் கடையில் 110 வீதம் என்று கொடுத்தால் படம் எல்லாப் பக்கமும் ஒரேயளவாய்ப் பெருக்கும். சட்டையை அப்படிப் பெருப்பித்தால் கழுத்து தோளால் வழுகி விழும், ஏனென்றால் நெஞ்சு பெருத்த ஆளுக்குக் கழுத்தும் அதே கணக்கில் பெருப்பதில்லை. ஓர் அளவிலிருந்து அடுத்த அளவுக்கு நெஞ்சுச் சுற்று 4 செ.மீ. கூடுகிறது என்று வையுங்கள். கடதாசியில் இருப்பது முன்பக்கத்தில் பாதி, அதாவது சுற்றில் காற்பங்கு, ஆகவே அங்கே கூட வேண்டியது 1 செ.மீ. அந்த 1 செ.மீ.யையும் ஒரே இடத்தில் தள்ளிவிட முடியாது. கழுத்தோரம் இரண்டு மூன்று மில்லிமீற்றர், தோளில் கொஞ்சம், மிச்சம் கைக்குழிப் பக்கம். கைக்குழி பெருத்தால் கையின் மேல்வளைவும் அதற்கு ஈடாகப் பெருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை பொருத்தும்போது துணி சுருங்கி நிற்கும். பொத்தான் பெருக்காது, பொத்தான்களுக்கு இடையிலான தூரம் பெருக்கும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர வேண்டும், எது நகரவே கூடாது என்று தீர்மானிப்பதுதான் அந்த வேலை.

முடிந்த வெட்டுருவைத் திரையில் பார்த்தால் எல்லா அளவும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடு கோடாய்க் கிடக்கும். குளத்தில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விழுகிற வரிகள் போலத்தான், சரிவு குறைந்த அலைகரைப் பக்கம் வரிகள் அகன்று இருக்கும், சரிவு கூடிய அணைக்கட்டுப் பக்கம் நெருங்கி இருக்கும். கோடுகளின் இந்தத் தொகுதியை ஆங்கிலத்தில் பறவைக்கூட்டின் பெயரால் சொல்கிறார்கள். நாங்கள் அதைக் கூடு என்று பெயர்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எங்களிடம் ஏற்கனவே ஒரு பொருள் இருக்கிறது, பனையோலை அடுக்குப்பெட்டி. பெரிய பெட்டிக்குள் சின்னது, அதற்குள் இன்னும் சின்னது, எல்லாம் ஒரே வடிவம், அளவு மட்டும் வேறு. என் அம்மம்மாவின் அடுக்குப்பெட்டியை வகுப்புக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் வைத்தேன், நான் வாய் திறக்க முதலே ஒரு பிள்ளை “ரீச்சர், இது எல், இது எம்” என்றாள். சொல் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஆகவே என் முன்மொழிவு: அந்தக் கோட்டுத் தொகுதி அளவடுக்கு. செய்யும் வேலை அளவடுக்கல். செய்பவர் அளவடுக்குநர். புள்ளி எவ்வளவு நகரும் என்ற கணக்கு அடுக்குவிதி. தொடங்கும் அளவு அடியளவு. ‘இந்த வெட்டுருவை அளவடுக்கிக் கொடு’ என்று வேலைத்தளத்தில் தடங்கலில்லாமல் சொல்லலாம், நான் சொல்லிப் பார்த்தேன்.

> கணினி வந்துவிட்டதே, இனி இந்த வேலைக்கு ஆள் எதற்கு?

ஐயா, கேர்பர், லெக்ட்ரா மென்பொருள்கள் நெடுங்காலமாகப் பாவனையில் உள்ளன, 2021இல் கேர்பர் நிறுவனத்தை லெக்ட்ரா நிறுவனமே வாங்கியும் விட்டது. மென்பொருள் புள்ளிகளை நகர்த்தும், விதியை எழுதுவது ஆள்தான். தொழிலும் புதிதல்ல. அமெரிக்காவில் எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863இல் வெவ்வேறு அளவுகளில் கடதாசி வெட்டுரு விற்கத் தொடங்கினார். அதற்கு முன் வந்த கடதாசி வெட்டுருக்கள் பெரும்பாலும் ஒரே அளவு, வாங்கியவர்தான் தன் உடம்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

தைத்த மாதிரிச் சட்டையைப் போட்டுப் பார்க்கும் ஆளான ஃபிட் மாடலுக்கு இங்கே சொல்லப்பட்ட ‘பொருத்த அழகி’ வேண்டவே வேண்டாம். அது அழகுக்கான வேலை இல்லை. உடம்பளவு மாறாமல் இருக்க வேண்டும், சட்டையைப் போட்டுவிட்டு ‘கமக்கட்டில் இழுக்கிறது’ என்று சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். தையற்கடைக்குக் கொண்டுபோவதை அளவுச்சட்டை என்கிறோம், அதே மாதிரி இவர் அளவாள். வெட்டுருக்களைத் துணியில் எப்படி அடுக்கி வெட்டுவது என்று காட்டும் மார்க்கருக்கு ஐயா சொன்ன ‘கிடப்புப்படம்’, கோப்பைக் கிடப்பில் போட்ட மாதிரிக் கேட்கிறது, அதைத் தனி இழையில் பேசுவோம்.

நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்றால், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத்தொழிற்சாலைகள் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது, ஆனாலும் என் பிள்ளைகளிடம் அங்கே என்ன வேலை இருக்கிறது என்று கேட்டால் ‘மெஷின்’ என்ற ஒரே பதில்தான் வருகிறது. கணக்கில் கெட்டிக்காரியான பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், மில்லிமீற்றர் பிசகாமல் வளைவு போடுவாள், அவளுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே போன கிழமைதான் தெரியும்.

அடியளவா, மூல அளவா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது, அடி என்றதும் 12 அங்குலம் நினைவுக்கு வருமோ என்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், திங்கள் காலை திருத்திய கையேட்டைக் கொப்பி எடுக்கக் கொடுக்க வேண்டும்.