சிஎஸ்கே தோற்ற அன்றும் தூக்கம் வருகிறது, யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

குரோம்பேட்டைக்காரன்:
வயது 46. 2008-ல் ஐபிஎல் தொடங்கிய முதல் சீசனிலிருந்தே சிஎஸ்கேதான் (சென்னை சூப்பர் கிங்ஸ்). 2019 ஃபைனலில் மும்பையின் மலிங்கா போட்ட கடைசிப் பந்து நம்ம ஷர்துல் காலில் பட்டு அவுட்டாகி ஒரு ரன்னில் தோற்றோமே, அன்று என் கையிலிருந்த ரிமோட் சுவரில் போய் மோதியது. மறுநாள் திங்கட்கிழமை, வயிற்றுவலி என்று ஆபீசுக்கு லீவு. முழங்காலில் ரத்தம் கசிய 80 அடித்தவர் வாட்சன். லீவு போட்டவன் நான்.

நாலே வருஷம். 2023 அகமதாபாத் ஃபைனலில் மழை வந்ததும் சும்மா கண்ணை மூடுவோம் என்று படுத்தேன். கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா சிக்ஸரும் ஃபோரும் அடித்து நம்மை ஜெயிக்க வைத்ததைக் காலையில் பால் காய்ச்சிக்கொண்டே மனைவி சொன்னாள். அவள் கிரிக்கெட்டே பார்க்காதவள்!

2025-ல் இன்னும் மோசம். சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 103. அவர்கள் 10.1 ஓவரில் முடித்துவிட்டுப் போனார்கள். நான் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த சீசனில் முதல்முறையாகக் கடைசி இடம் வந்தபோதும் கோபம் வரவில்லை. கோபம் வராததுதான் உறுத்துகிறது. வயசா, இல்லை பாசமே போய்விட்டதா?

மஞ்சள் பனியன்:
அண்ணே, 2023 ஃபைனலில் தூங்கினீர்களா? மன்னிப்பே கிடையாது. ராத்திரி ஒன்றரை மணி தாண்டியும் எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தன் படுக்கவில்லை.

பட்டாபிராம் பெரிசு:
தம்பி, 1999 ஜனவரி 31 அன்று நான் சேப்பாக்கத்தில் இருந்தேன். பாகிஸ்தான் டெஸ்ட். 271 எடுக்க வேண்டும். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்து அவுட்டானபோது பாக்கி 17 ரன், கையில் மூன்று விக்கெட். அதற்கப்புறம் நாலே ரன்னில் கதை முடிந்தது. 12 ரன்னில் தோல்வி. பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது ஸ்டாண்டே எழுந்து நின்று கைதட்டியது. சென்னை ரசிகர்கள் என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறார்களே, அதில் என்னைச் சேர்க்காதீர்கள். நான் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் ஒரு தாத்தா தட்டினார், அவரை முறைத்தேன். வீடு வரை யாரோடும் பேசவில்லை. இப்போது அந்த வீடியோ வந்தால் சக்லைன் போட்ட பந்துகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். என்ன பந்து வீச்சு! அன்று நேரில் இருந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஏலம்தான் காரணம்:
வயசெல்லாம் இல்லை சார். முன்பு வருஷாவருஷம் அதே முகங்கள். தப்பு செய்தால் வீட்டு ஆளைத் திட்டுவது மாதிரி திட்டினோம். 2022 ஐபிஎல் வீரர்கள் ஏலத்தில் நம்ம பழைய ஆள் ரெய்னாவை எந்த அணியுமே எடுக்கவில்லை, நாம் உட்பட. அன்றைக்கே எனக்குப் பாதி விட்டுப்போச்சு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அணியைக் கலைத்துப் போட்டால் யார் மேல் கோபப்படுவது? பெயர் தெரியவே ஜூன் ஆகிவிடும், அதற்குள் சீசன் முடிந்துவிடும்.

குரோம்பேட்டைக்காரன்:
பெரியவரே, நீங்கள் முறைத்த அந்தத் தாத்தா வயசுக்கு நான் இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறேன் போல.

ஏலம் சாருக்கு: பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோனியைத் தெரியாதா எனக்கு? அந்தக் கொல்கத்தா மேட்சில் அவர் ஒரே ரன்னில் அவுட்டானபோதும் கையில் வேட்டியைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன்.

பனியன் தம்பி, அந்த ரிமோட் இன்னும் வீட்டில் இருக்கிறது. பின்மூடி போய், ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறோம். புதுசு வாங்க மனைவி விடமாட்டேன் என்கிறாள்.