அறிவியல் பட்டப்படிப்பில் கறுப்பின, லத்தீனோ மாணவர்கள்: விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது, எங்கிருந்து சரிசெய்வது?

அளவுகோல்:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் அறிவியல் புலத்துக்கு அறிக்கை தயாரிக்க வேண்டும். சிறுபான்மை மாணவர்கள் பட்டம் முடிக்கும் விகிதம் ஒரு முறையில் கணக்கிட்டால் மற்றவர்களுக்கு நெருக்கமாக வருகிறது, இன்னொரு முறையில் வெகுவாகக் குறைகிறது. எதை நம்புவது? கூட்டங்களில் "பள்ளிப் படிப்பே சரியில்லை" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் தன் கையில் இருப்பதை வைத்து எதைச் செய்யலாம்?

தரவுக்காரன்:
இரண்டு எண்ணுமே சரியாக இருக்கலாம், வகுக்கும் எண்தான் வேறு. மூன்றாம் ஆண்டில் வேதியியலை மேஜராக (முதன்மைப் பாடமாக) பதிந்தவர்களை மட்டும் எடுத்தால் விகிதம் அழகாகத் தெரியும். விலகியவர்கள் அதற்கு முன்பே விலகிவிட்டார்கள், கணக்கிலேயே வருவதில்லை. சேரும்போது யார் அறிவியல் படிக்க விரும்பினார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அப்படிச் செய்த ஓர் ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உயர்கல்வி ஆய்வு நிறுவனம் 2010-இல் வெளியிட்டது. 2004-இல் அறிவியல், பொறியியல் துறைகளை விரும்பிச் சேர்ந்தவர்களில் ஐந்தாண்டுக்குள் அதே துறைகளில் பட்டம் பெற்றவர்கள்: ஆசிய வம்சாவளியினர் 42%, வெள்ளையர் 33%, லத்தீனோ சுமார் 22%, கறுப்பினத்தவர் சுமார் 18%.

முடிவை மூன்றாகப் பிரியுங்கள்: அறிவியல் பட்டம், வேறு பட்டம், பட்டமே இல்லாமல் வெளியேறியது. இரண்டாவதும் மூன்றாவதும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. அரசு கேட்கும் ஆறாண்டு விகிதத்தில் முதன்முறையாகச் சேரும் முழுநேர மாணவர்கள் மட்டுமே உண்டு. சமூகக் கல்லூரியிலிருந்து (இரண்டாண்டுக் கல்லூரி) மாறி வருபவர்களுக்குத் தனி அட்டவணை போடுங்கள். ஓர் ஆண்டில் ஏழெட்டுப் பேர்தான் என்றால் சதவீதம் எழுதாதீர்கள், நான்கைந்து ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

குடுவை:
அடுத்து, முதலாண்டுப் பொது வேதியியல், கால்குலஸ் இரண்டிலும் டி கிரேடு, எஃப் கிரேடு (தோல்வி), பாதியில் கைவிட்டது ஆகிய மூன்றையும் கூட்டி, வகுப்புப் பிரிவுவாரியாக, ஆசிரியர்வாரியாகப் பாருங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான். கால்குலஸ் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் இயற்பியலும் தள்ளிப்போகும். தொடர் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுகிறது என்றால் ஒரே தோல்வி ஓர் ஆண்டையே தின்றுவிடும்.

"பள்ளிப் படிப்பு" என்பது பாதி உண்மை. மாணவர்கள் அப்படியே இருக்க, பாடம் நடத்தும் முறையை மட்டும் மாற்றியபோதே சிறுபான்மை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி சுருங்கியிருக்கிறது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், வகுப்பிலேயே மாணவர்களைச் செய்யவைக்கும் முறையால் தேர்வு மதிப்பெண் இடைவெளி 33%, தேர்ச்சி இடைவெளி 45% குறைந்தது. ஆனால் நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கிய வகுப்புகளில்தான் அந்தப் பலன். விரிவுரைக்கு நடுவே ஐந்து நிமிடம் கேள்வி கேட்டால் போதாது. செய்ய வேண்டியவை: வகுப்புக்கு முன் படித்துவிட்டு விடையளிக்கும் சிறு கேள்விகள் (மதிப்பெண் உண்டு), வகுப்பில் குழுவாகக் கணக்குகள், வாரம் ஒரு சிறு தேர்வு. இரண்டு பெரிய தேர்வில் மொத்த கிரேடையும் அடைக்காதீர்கள்.

குழுப் படிப்புக்கு, கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மேன் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய கால்குலஸ் பயிலரங்கம் நல்ல முன்மாதிரி. அவர் கண்டது, கறுப்பின மாணவர்கள் உழைக்காமல் இல்லை, தனியாக உழைத்தார்கள் என்பது. அவர் "தேறாதவர்களுக்கான வகுப்பு" நடத்தவில்லை, வகுப்புப் பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாகப் போடவைத்தார். பல இடங்களில் இதைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லி எளிய கணக்குகளைக் கொடுத்துவிடுகிறார்கள், பிறகு யாரும் வருவதில்லை.

கட்டணச்சீட்டு:
பணத்தையும் பாருங்கள் சார். சிறு பாக்கிக்காக அடுத்த செமஸ்டர் பதிவை நிறுத்திவைப்பது பலரை வெளியே தள்ளுகிறது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல் இத்தகைய பாக்கிகளுக்குச் சிறு மானியம் கொடுத்து மாணவர்களைத் தக்கவைக்கிறது. விண்ணப்பத்துக்குக் காத்திராமல் பாக்கிப் பட்டியலை நீங்களே எடுத்து, பட்டத்துக்கு நெருங்கியவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று, பாடத்தைக் கைவிட்டால் கிரேடு சராசரி தப்பிக்கும், ஆனால் உதவித்தொகைக்கான முன்னேற்றக் கணக்கில் அது எடுத்து முடிக்காத பாடமாகவே நிற்கும். பெல் மானியம் (வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை) வாழ்நாளில் 12 செமஸ்டருக்குச் சமமான அளவுதான். "கஷ்டமாக இருந்தால் விட்டுவிடு" என்று சொல்லும் ஆலோசகருக்கு இந்த இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அளவுகோல்:
நன்றி. எங்கள் பொது வேதியியலில் கர்வ் வைத்துத்தான், அதாவது மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுத்தான், கிரேடு போடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டே பயிலரங்கம் தொடங்கலாமா? ஓர் இனத்தவருக்கு மட்டும் என்று நடத்த முடியுமா?

குடுவை:
இனத்தை வைத்து வடிகட்டினால் வழக்கில் மாட்டும். மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகத்தின் மெயர்ஹாஃப் அறிவியல் உதவித்தொகைத் திட்டம் 1988-இல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கியது. 1990-களின் நடுவிலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், திட்டத்தின் நோக்கம் மாறவில்லை. எல்லோருக்கும் திறந்துவையுங்கள். ஆனால் அறிவிப்புப் பலகையோடு நிறுத்தாமல், யார் வர வேண்டுமோ அவர்களுக்கு நேரடியாகச் சொல்லியனுப்புங்கள்.

கர்வை முதலில் எடுங்கள். முதல் 20% பேருக்குத்தான் ஏ கிரேடு என்றால், பக்கத்தில் இருப்பவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது தன் கிரேடைத் தானே குறைத்துக்கொள்வதாகிவிடும். எத்தனை மதிப்பெண்ணுக்கு என்ன கிரேடு என்பதைச் செமஸ்டர் தொடங்கும் முன்பே பாடத்திட்டத்தில் அச்சிட்டுவிடுங்கள். துறை இதற்கு ஒப்பாவிட்டால், ஒரே ஒரு பிரிவில் மட்டும் செய்து, தேர்வுத்தாளை எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக வையுங்கள். ஒப்பிட்டுக் காட்ட அது போதும்.