நடை மாறிப்போனவர்களும் பிசியோதெரபியும்: மும்பையிலிருந்து அனுபவப் பகிர்வு

செம்பூரிலிருந்து:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. வீடு திரும்பிய பின், வலது காலை அரைவட்டமாக வெளியே வீசித்தான் அவரால் நடக்க முடிந்தது. அருகிலிருந்த ஒரு சிகிச்சை மையத்தில் இரண்டு மாதங்கள் படுக்கவைத்து மின்தூண்டல் கொடுத்தார்கள். வீட்டில் நிறைய நடக்கவைக்கச் சொன்னார்கள். அவர் நடப்பதை அங்கே ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

பிறகு ஹாஜி அலியில் 1955 முதல் இயங்கிவரும் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனத்துக்கு அழைத்துச் சென்றோம். பிசியோதெரபிஸ்ட் அம்மையார் முதலில் அப்பாவின் செருப்புகளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இடது செருப்பு குதிகாலில் தேய்ந்திருந்தது. வலது செருப்போ முன்பக்க வெளியோரத்தில் மட்டும் மழமழவென்று தேய்ந்து, குதிகால் பக்கம் வரிகள் புதிதுபோல் அப்படியே இருந்தன. பாதம் முன்புறம் தொங்குவதால், அது தரையில் உரசாமலிருக்கவே அவர் இடுப்பைத் தூக்கிக் காலை வீசுகிறார் என்றும், கெண்டைக்கால் தசை இறுகியிருப்பதால் குதிகால் தரையில் படுவதேயில்லை என்றும் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினார். தவறான நடையிலேயே நிறைய நடந்தால் அதுவே பழகிப்போகும் என்று அவர் சொன்னபோது, நாள்தோறும் மொட்டைமாடியில் இருபது சுற்று நடக்கவைத்த எனக்கு நெஞ்சு கனத்தது.

கணுக்காலைச் செங்கோணத்தில் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட்டை அளவெடுத்துச் செய்து கொடுத்தார்கள். அதைக் கழற்றியதும் தோலில் சிவந்த தடம் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்; 20 நிமிடத்துக்குப் பின்னும் தடம் மறையாவிட்டால், உணர்ச்சி குறைந்த காலில் புண் வருவதற்குள் ஸ்ப்ளின்ட்டைச் சரிசெய்யக் கொடுத்துவிட வேண்டும். ஹவாய் செருப்பை அறவே விட்டு, பின்பட்டை உள்ள காலணிக்கு மாறினோம். ஊன்றுகோலை நலமான இடது கையில் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கையில் அதன் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நலிந்த கால் முன்னே. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் எங்களுக்கு இந்த ஒரு பாடம் கோடி பெறும்.

10 மீட்டர் நடக்க முதல் நாள் 31 நொடி எடுத்தவர், ஐந்தே மாதத்தில் 14 நொடிக்கு வந்துவிட்டார். களைத்த மாலைகளில் காலை வீசுவது திரும்பிவிடுகிறது. ஆனாலும் தெருமுனைக் கடைக்குத் தனியாகவே போய் இட்லி மாவு வாங்கி வருகிறார்.

மாட்டுங்காவிலிருந்து:

அக்கா, உங்கள் அப்பாவின் செருப்பைப் பற்றிப் படித்ததும் எனக்கு வீட்டு வாசல் கோலம் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். சிற்றடி வைத்து நடப்பவர், சமையலறை நிலைவாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். நாங்கள் அவசரப்பட்டுக் கையைப் பிடித்து இழுப்போம். உடல் முன்னே சாயும், கால் வராது. இருமுறை விழுந்தும்விட்டார். ஆனால் வாசலில் கோலம் இருந்தால் மட்டும், அதை மிதிக்கக் கூடாதென்று காலைத் தூக்கித் தாண்டிவிடுவார்.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் இதைச் சொன்னேன். இந்த நோயில் தன்னியல்பாக வரும் அசைவுதான் குன்றுகிறது, கண்ணெதிரே ஒரு கோடு இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு அடி எடுத்துவைக்க முடிகிறது என்றார். கூடத்திலிருந்து சமையலறைவரை, ஒவ்வோர் எட்டுக்கும் ஒன்றாகக் குறுக்கே வெள்ளை டேப் ஒட்டினோம். வெளியிடங்களில் நின்றுவிட்டால் இப்போது யாரும் இழுப்பதில்லை. உடல் எடையை இடமும் வலமுமாக மாற்றி, எண்ணிக்கொண்டு அடியெடுக்கச் சொல்கிறோம்.

தாராவியிலிருந்து:

நான் தோல்பை தைப்பவன். நாள் முழுக்கத் தரையில் குந்தி வேலை செய்து ஒரு மாலை எழுந்தபோது, இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை. பக்கவாதம் என்றே அஞ்சி மருத்துவமனைக்கு ஓடினேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாக எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்பு நசுங்கியிருப்பதாக நரம்புப் பரிசோதனையில் தெரிந்தது. மூன்று மாதம் ஸ்ப்ளின்ட்டும் பயிற்சியுமாகச் சரியானது. இப்போது முக்காலியில் அமர்ந்து தைக்கிறேன். பாதம் தொங்கினாலே ஒரே நோய் என்று எண்ணிவிடாமல், காரணத்தை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செம்பூரிலிருந்து மீண்டும்:

தம்பி, நலமானதில் மிக்க மகிழ்ச்சி. மாட்டுங்கா அம்மாவின் டேப் யோசனையை எதிர்வீட்டுத் தாத்தாவுக்குச் சொல்லியிருக்கிறேன். மழைக்காலம் நெருங்குவதால் ஒன்று சொல்ல வேண்டும்: ஊன்றுகோல் முனையிலுள்ள ரப்பரைத் திருப்பிப் பாருங்கள், வரிகள் மறைந்திருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.