மூன்றாம் டவுனுக்குத் தமிழ் என்ன?

ஆன் ஆர்பர் டீச்சர், திங்கள் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம். அவசர உதவி வேண்டும்.

எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர் வியாழன் இரவு அச்சுக்குப் போகிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இங்கே அமெரிக்காவில் ஆடும் கல்லூரிக் கால்பந்து பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். முதல் பாதி, அப்பாவோடு மிச்சிகன் மைதானத்துக்குப் போய்வந்த கதை. (இருக்கைக் கணக்கு 1,07,601. எங்கள் ஊரில் பெரும்பாலோரை உள்ளே உட்காரவைத்துவிடலாம்.) இரண்டாம் பாதி, பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கின் புள்ளிவிவரங்களை எப்படிப் படிப்பது என்பது. பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துச் சாய்க்கும் டேக்கிளுக்குப் 'பிடி', எறிந்த பந்தை எதிரணி தட்டிப் பறிப்பதற்குப் 'பறிப்பு', யார்டுக்குக் 'கெஜம்' என்று அவளே போட்டுக்கொண்டாள். கெஜம் மட்டும் பாட்டி சொன்னதாம், புடவைக் கணக்கிலிருந்து.

ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டோம்: டவுன். ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்து கையில் இருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. அந்த ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். கட்டுரையில் 23 இடத்தில் வருகிறது. பிள்ளை அதைக் 'கீழே' என்று எழுதியிருக்கிறாள்: "மூன்றாம் கீழேயில் ஏழு கெஜம் தேவைப்பட்டது." நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து வருத்தப்பட்டேன்.

கோவைப் பேராசிரியர், செவ்வாய் காலை

அம்மையீர், கையால் எறிந்து கையால் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்களிடமிருந்தே தொல்லை தொடங்குகிறது. போகட்டும்.

டவுன் என்ற சொல்லின் வேர் பலர் நினைப்பதுபோலக் 'கீழ்' அன்று. பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் குன்று. 'குன்றிலிருந்து' என்னும் தொடர் தேய்ந்தே இன்றைய டவுன் ஆயிற்று. ஆக, அடியில் இருப்பது பள்ளமன்று, மேடு. தமிழில் துன்னுதல், துன்றுதல் என்பன நெருங்கிச் செறிதலைக் குறிக்கும். மண் செறிந்தது குன்று. ஆட்டத்தில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் குவிவதைத் தொலைக்காட்சியில் கண்டேன். எனவே 'துன்று' என்பதையும் ஆராயலாம். எளிமை வேண்டுவோர் 'வீழ்வு' என்று கொள்க. முதல் வீழ்வு, இரண்டாம் வீழ்வு.

கொலம்பஸ், செவ்வாய் காலை

ஐயா குன்றில் ஏறிவிட்டார். யாராவது ஏணி கொண்டுவாருங்கள்.

டீச்சருக்கு உதவுவது என் கொள்கைக்கே விரோதம். நான் ஓஹாயோ ஸ்டேட் பழைய மாணவன். மிச்சிகனோடு ஆட்டம் வரும் வாரத்தில் எங்கள் வளாகப் பலகைகளில் 'எம்' எழுத்து எங்கே இருந்தாலும் சிவப்புப் பட்டையால் அடித்துவிடுவோம். தமிழிலும் அப்படிச் செய்யலாமே என்று ஒருமுறை 'ம' வரிசையை அடித்துப் பார்த்தேன். தமிழே போய்விட்டது. அதனால் இந்த வாரம் சமாதானம்.

என் ஓட்டு 'முயற்சி'. மூன்றாம் முயற்சி. எல்லாருக்கும் புரியும்.

ஆஸ்டின், செவ்வாய் மதியம்

'முயற்சி' கிடையாது அண்ணா. எறிதல் கணக்கில் 'அட்டெம்ப்ட்' என்று ஒன்று தனியாக இருக்கிறதே, அதற்கு என்ன வைப்பீர்கள்? ஒரு டவுனில் எறியாமல் ஓடினால் அது எறி முயற்சி ஆகாது. பிள்ளையின் கட்டுரை முழுக்க எண்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் கணக்கு நாறிவிடும்.

'வீழ்வு' பற்றி. டவுன் முடிய ஆள் விழவேண்டும் என்று கட்டாயமில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டினாலும் முடியும், எறிந்த பந்து பிடிபடாமல் தரையில் பட்டாலும் முடியும். அதைவிடப் பெரிய சங்கடம், மூன்றாம் டவுனில் எத்தனை முறை வென்றார்கள் என்று ஒரு விகிதம் உண்டு. ஐயா சொன்னபடி அது 'மூன்றாம் வீழ்வு விழுக்காடு'. படிப்பவர் தடுக்கி விழுந்துவிடுவார்.

கிரிக்கெட்டில் ஓவரையும் விக்கெட்டையும் அப்படியேதானே சொல்கிறோம்? 'டவுன்' என்று விட்டுவிடுங்கள்.

கோவைப் பேராசிரியர், செவ்வாய் மாலை

> தடுக்கி விழுந்துவிடுவார்

தம்பி, விழுக்காடு என்பது தடுக்கி விழுவதன்று. அவரவர்க்கு விழும் பங்கு. பாகம் விழுந்தது, சீட்டு விழுந்தது என்கிறோமே, அந்த விழுதல். ஒலிநயம் கருதி வீழ்வை 'விழவு' என்று மாற்றலாமென்று இன்று எனக்குத் தனிமடலில் ஒருவர் எழுதினார். விழவு என்றால் திருவிழா.

டொராண்டோ, செவ்வாய் மாலை

மூன்றாம் திருவிழாவிலை ஏழு கெஜம்! நல்லூரிலை இருபத்தைந்து நாளும் ஆடலாம்.

பகிடி இருக்கட்டும். இஞ்சை கனடாவிலையும் இந்த ஆட்டம் இருக்கு, ஆனா எங்களுக்கு மூன்று டவுன்தான். மைதானம் 110 யார், பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். ஆகவே 'நாற்கூறு', 'நான்முறை' எண்டு ஆரும் எண்ணிக்கையைச் சொல்லுக்குள்ளை ஒட்டிவிடாதேங்கோ. கெஜமும் எங்களுக்கு அந்நியம், நாங்கள் யார் எண்டுதான் சொல்லுறனாங்கள். ஃபுட்பால் எங்களுக்கு உதைபந்தாட்டம். 'கால்பந்து' எண்டு தலைப்புப் போட்டால் என்ரை அம்மா மெஸ்ஸியைத் தேடுவா. 'அமெரிக்க' எண்டு ஒரு சொல் முன்னாலை போடுங்கோ.

கொலம்பஸ்காரர் 'பழைய மாணவன்' எண்டு எழுதினது பார்க்கச் சந்தோசம். தமிழ்நாட்டிலை 'முன்னாள் மாணவர்' எண்டு ஏதோ பதவி பறிபோன மந்திரி மாதிரிச் சொல்லுவினம். யாழ்ப்பாணத்திலை மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்சுக்கும் 1904இலை தொடங்கின கிரிக்கெட், வடக்கின் பெரும் போர். அதுக்கு லண்டனிலை இருந்து பிளேன் ஏறி வாற பழைய மாணவரைக் கண்டிருக்கிறன். பிறகு ஓஹாயோ மிச்சிகன் சண்டையைப் பார்த்தால் எனக்கு ஒண்டும் புதுசில்லை. ஐம்பது வயசிலையும் பள்ளிக்கூடக் கொடியைத் தோளிலை போட்டுக்கொண்டு நிக்கிற அதே ஆக்கள்தான்.

கொலம்பஸ், செவ்வாய் இரவு

படிக்காமலே கொடி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடையில் சட்டை வாங்கியதைத் தவிர அந்தப் பல்கலைக்கழகத்தோடு வேறு உறவில்லாத மிச்சிகன் ரசிகருக்கு 'வால்மார்ட் வுல்வரின்' என்று பெயர். (வுல்வரின் என்பது மிச்சிகன் அணியின் பட்டப்பெயர்.) டீச்சர் கோபிக்கக் கூடாது.

இன்னொரு கேள்வி. கட்டுரையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் எப்படி வருகிறது? ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் உள்ள 'தி' (The) முக்கியம். 2022இல் அந்த ஒற்றைச் சொல்லுக்கே, சட்டை தொப்பிகளில் அச்சிட, வணிகக்குறி வாங்கியிருக்கிறோம். தமிழில் 'தி' கிடையாதே, என்ன செய்வது?

கோவைப் பேராசிரியர், செவ்வாய் நள்ளிரவு

ஏன் இல்லை? ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள். பலவற்றுள் ஒன்றைப் பிரித்துக் காட்டுவது பிரிநிலை. 'ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமே' என்றால் போதும், பிறிதெதுவும் அன்று என்று பொருள்படும். இதற்கு வணிகக்குறி வாங்க இயலாது. ஏகாரம் எல்லார்க்கும் பொது.

ஆன் ஆர்பர் டீச்சர், புதன் காலை

'அந்த ஓஹாயோ' என்று போடுகிறேன், தொனி சரியாக வரும்.

ஐயா, தயவுசெய்து டவுனுக்கு வாருங்கள். இன்னும் ஒன்றரை நாள்தான்.

மதுரை, புதன் காலை

நான் உடற்கல்வி ஆசிரியர். ஓய்வு பெற்று ஆறு வருடம். இந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஒன்று கேட்கலாமா? பிடிபட்டவன் வாயால் ஏதாவது சொல்வானா? எங்கள் சடுகுடுவில் ஆட்டம் முடிவது காலில் இல்லை, குரலில். பாட்டு நின்றால் போச்சு.

ஆஸ்டின், புதன் மதியம்

சார், அருமையான கேள்வி. இப்போது நடுவர் ஊதுவதோடு சரி. ஆனால் இந்த ஆட்டம் ரக்பியிலிருந்து பிறந்தது. 1871இல் எழுதிய ரக்பி விதிகளில், பந்தோடு பிடிபட்டவன் உடனே 'டவுன்' என்று கூவிப் பந்தை அங்கேயே தரையில் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆக அது முதலில் ஒரு கூப்பாடு! குன்றும் இல்லை, குழியும் இல்லை.

எண்ணிக்கை பின்னால் வந்தது. 1881இல் யேல், பிரின்ஸ்டன் கல்லூரி அணிகள் மோதியபோது ஆளுக்கு ஒரு பாதி பந்தைக் கட்டிக்கொண்டே நின்று 0–0 என்று முடித்தார்கள். கூட்டம் கடுப்பாகிவிட்டது. அடுத்த வருடமே யேல்காரர் வால்டர் கேம்ப் முயற்சியில் '3 டவுனில் 5 யார்டு' என்ற விதி வந்தது. 4 டவுன், 10 யார்டு என்று ஆனது 1912இல்.

மதுரை, புதன் மதியம்

அப்படியென்றால் 'மூச்சு' என்று வையுங்களேன். சடுகுடுவில் ஒரு மூச்சுக்கு ஒரு பாட்டு. மூச்சு முடிந்தால் அந்தத் தடவை முடிந்தது. 'நாலு மூச்சில் பத்து கெஜம்.' பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கும்.

டொராண்டோ, புதன் மாலை

வடிவான சொல். ஆனா நாலாம் டவுன் 'கடைசி மூச்சு' ஆகுமே? "கடைசி மூச்சிலை பந்தை உதைத்துத் தள்ளினார்" எண்டால் செத்த வீட்டுச் செய்தி. எங்களுக்கு மூன்றோடையே சீவன் போயிடும்.

கோவைப் பேராசிரியர், புதன் மாலை

நகைச்சுவை ஒருபுறம். மூச்சு ஒருவனுடையது. சடுகுடுவில் பாடிச் செல்பவன் ஒருவனே. இங்கோ பதினொருவர் சேர்ந்து ஆடும் ஒரு கூறுக்குத் தனியாள் உயிர்ப்பைப் பெயராக வைப்பது பொருந்துமா? 'வீழ்வு' பொது.

ஆன் ஆர்பர் டீச்சர், புதன் இரவு

பிள்ளையிடம் எல்லாவற்றையும் காட்டினேன். முக்கியமான ஒன்றை நாம் யாருமே பார்க்கவில்லை என்கிறாள், அதுவும் சரிதான். 'முதல் டவுன்' என்பதற்கு இரண்டு பொருள். நாலு வாய்ப்பில் முதலாவது என்பது ஒன்று. 10 கெஜம் கடந்து புதிதாக நாலு வாய்ப்பைச் சம்பாதிப்பது இன்னொன்று. புள்ளிவிவரத்தில் எண்ணுவது இந்த இரண்டாவதைத்தான்.

அவள் கட்டுரையில் 1950 பனிப்புயல் ஆட்டம் வருகிறது. கொலம்பஸ் நண்பர் இந்த இடத்தைப் படிக்காமல் தாண்டலாம். பனியில் கோடே தெரியவில்லை. இரண்டு அணிகளும் பந்தை வைத்துக்கொள்ளப் பயந்து மாற்றி மாற்றி உதைத்துத் தள்ளின, மொத்தம் 45 முறை. மிச்சிகன் எறிந்த ஒரு பந்தும் கைசேரவில்லை, ஒரு முதல் டவுன்கூட எடுக்கவில்லை, ஆனாலும் 9–3 என்று வென்றது. இதை 'ஒரு முதல் முயற்சிகூட', 'ஒரு முதல் வீழ்வுகூட' என்று எழுதினால், ஆடவே இல்லை என்றல்லவா அர்த்தம் வரும்?

மதுரை, புதன் இரவு

அதற்குப் 'புதுமூச்சு'. மிச்சிகன் ஒரு புதுமூச்சுகூட எடுக்காமல் ஜெயித்தது.

கொலம்பஸ், புதன் இரவு

படித்துவிட்டேன். வயிறு எரிகிறது. ஆனால் சொல் அபாரம் சார்.

ஆஸ்டின், புதன் நள்ளிரவு

எனக்கும் புதுமூச்சு பிடித்திருக்கிறது. டவுனுக்கு 'டவுன்' என்பதில் மாற்றமில்லை.

டீச்சர், கட்டுரையில் ஒரு திருத்தம். "இவருடைய திறன் 152 விழுக்காடு" என்று இருக்கிறது. கல்லூரி ஆட்டத்தின் எறிதிறன் எண் விழுக்காடே அல்ல. எறிந்து பெற்ற யார்டு × 8.4, டச்டவுன் (எறிந்த பந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறுவது) × 330, கைசேர்ந்த எறி × 100, இவற்றைக் கூட்டிப் பறிப்பு × 200ஐக் கழித்து, மொத்த எறி முயற்சியால் வகுக்க வேண்டும். அவள் எடுத்துக்காட்டில் 30 எறிந்து 20 சேர்ந்தது, 250 யார்டு, 2 டச்டவுன், 1 பறிப்பு. 2100 + 660 + 2000 − 200 = 4560. முப்பதால் வகுத்தால் 152. கணக்கு சரி, பெயர்தான் தப்பு. 100ஐத் தாண்டும் விழுக்காட்டைப் பார்த்து யாராவது ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார்கள்.

ஓடாத குவார்ட்டர்பேக்குக்கு ஓட்டக் கணக்கில் எப்படிக் கழித்தல் 14 வந்தது என்றும் கேட்டிருக்கிறாள். எறிவதற்குள் எதிரணி பிடித்துச் சாய்த்தால் இழந்த தூரத்தைக் கல்லூரி ஆட்டத்தில் ஓட்டத்தில் கழிப்பார்கள், தொழில்முறை ஆட்டத்தில் அப்படி இல்லை. ஐயாவின் சொல்லை இங்கே வைக்கலாமே? சாக் – 'வீழ்வு'. அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது.

கோவைப் பேராசிரியர், வியாழன் காலை

ஆறுதல் பரிசு வேண்டா. டவுன் என்பதற்கே வீழ்வு. என் மறுப்பைப் பதிவு செய்க.

ஆன் ஆர்பர் டீச்சர், வியாழன் மாலை

கை தூக்கச் சொன்னதில் டவுன் 7, மூச்சு 5, வீழ்வு 1. அதில் நாலு பேர் "எதுவானாலும் சரி, தூங்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு டவுனுக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

பிள்ளையின் முடிவு: 22 இடத்தில் 'டவுன்'. பனிப்புயல் பத்தியில் மட்டும் 'புதுமூச்சு', பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம். சாக் என்பது 'வீழ்வு', ஐயா மன்னிக்கவும். தலைப்பில் 'அமெரிக்க' சேர்த்தாயிற்று. கோப்பை அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

டொராண்டோ, வியாழன் இரவு

அடுத்த வருசம் கனடாப் பதிப்பு போட்டால் மூச்சு எண்டே போடுங்கோ. மூன்று மூச்சு. கடைசி மூச்சைப் பற்றி நான் சொன்னதைத் திரும்ப வாங்குறன்.

கோவைப் பேராசிரியர், வெள்ளி காலை

ஒன்று விடுபட்டுவிட்டது. கெஜம் தமிழன்று, பாரசீகத்தின் 'கஸ்' என்பதிலிருந்து வந்தது. ஒரு கெஜம் இரண்டு முழம். ஆகவே "நாலு வீழ்வில் இருபது முழம்" என்று மாற்றுக.

ஆன் ஆர்பர் டீச்சர், வெள்ளி காலை

ஐயா, அச்சாகிவிட்டது.

கோவைப் பேராசிரியர், வெள்ளி காலை

பிழைதிருத்தம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டலாமே?